நாத்தனார் பெயரில் ஒரு நாய்

எங்கள் அருங்காட்சியகத்தில் அவரைப் பல்லம்மா என்றுதான் சொல்வோம். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு தொலைபேசியை எடுத்தால் அவரே "பல்லம்மா பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பட்டம் கொடுத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அழிந்துபோன மிருகங்களின் எலும்புகளைப் பார்த்து இது இன்னது, இது இன்ன வகை என்று பிரித்து வைப்பது அவர் வேலை. அவர் பிரித்து வைத்ததைப் படமாக வரைவது என் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே ஜன்னல். அந்த ஜன்னலுக்காக நாங்கள் போட்ட சண்டைக்கு அளவில்லை. வெளிச்சம் வேண்டும் என்பேன் நான். எலும்புக்கு வெயில் ஆகாது என்பார் அவர்.

சுவரெல்லாம் இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் ஆழமில்லாத இழுப்பறைகள், அவற்றில் பஞ்சுக்கு மேல் எலும்புகள், ஒவ்வொன்றுக்கும் நூலில் கட்டிய ஓர் அட்டை. மேஜையில் மணல் நிரப்பிய தட்டு. மண்டையோட்டை அதில் புதைத்து நிறுத்தினால்தான் ஆடாமல் நிற்கும், நான் வரைய முடியும். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய பல்துலக்கும் பிரஷ். பல்லம்மாவின் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், அங்கிருந்து வருபவை. ஊரிலேயே செத்தவற்றுக்குப் பல் விளக்கிவிடுகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று நான் சொன்னால், "உயிரோட இருக்கறதுங்க கடிக்குமே" என்பார்.

அவர் பறவைகளைப் பற்றித்தான் படிக்க நினைத்தாராம். அந்தப் பிரிவில் இடம் கிடைக்கவில்லை. பறவைக்குப் பல் கிடையாது, தப்பித்தேன் என்பார். மிருகம் செத்தால் விலா உளுத்துப்போகும், மண்டை நொறுங்கும், பல் மட்டும் அழியாமல் நிற்கும். ஆகவே பழங்கால மிருகங்களைப் பிரிக்கிறவர்களுக்குப் பல்தான் எல்லாம். இந்தப் பழக்கம் அவருக்கு வெளியிலும் போகவில்லை. எதிரே ஆள் சிரித்தால் கண் வாய்க்குள் போய்விடும். என் கடைவாய்ப் பல் சொத்தையானது எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். கணவரிடம் முதன்முதலில் என்ன பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். கீழ்வரிசை நேராக இருந்தது என்றார்.

அவர் வீடும் எங்கள் தெருதான். கணவருக்குக் காலையில் கடையைத் திறந்தால் சாத்தும்வரை வீட்டு நினைப்பே கிடையாது. ஒரு பையன், ஒரு பெண். இவர்களோடு கணவரின் அக்கா. கல்யாணமான சில வருடங்களிலேயே புருஷன் போய்விட, ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். தெருவே அவரைப் பெரியக்கா என்று கூப்பிடும். ஆள் கறார். தெருக்குழாய் ரிப்பேருக்கு வந்தவன், பாதியில் போகலாம் என்று எட்டிப் பார்த்து, வாசலில் அவர் நிற்பதைக் கண்டு திரும்பப் போய் வேலையை முடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் தெருவுக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கும் அல்லவா. இருவரும் அதை ஏமாற்றினார்கள். மனஸ்தாபம் வரும், வாசலைத் தாண்டாது. பல்லம்மா எலும்பு தேடி வாரக்கணக்கில் வெளியூர் போய்விடுவார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி போட்டது, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் திட்டு வாங்கியது, தம்பிக்குக் கடைக்குச் சாப்பாடு அனுப்பியது எல்லாம் பெரியக்கா. சின்னவள் முதன்முதலில் பேசிய வார்த்தை 'அத்தை'. அம்மாக்காரி அப்போது ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மண்டியிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குவாரியில்தான் நாய் கிடைத்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். பல்லம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகவே கிடைத்தன. வெடி வைத்துப் பிளந்த பாறையின் ஓரத்தில் பல்வரிசை ஒன்று தெரிந்ததாகக் குவாரிக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். பாறையோடு வெட்டி எடுத்து, லாரியில் வந்து, எங்கள் அறையில் இறங்கியது. அதற்கப்புறம் ஊசியும் பிரஷ்ஷுமாகக் கல்லைச் சுரண்டி எடுக்கப் பல மாதம். கடைசியில் முழு மண்டையோடும் கீழ்த்தாடையும் வெளியே வந்தன. கனத்த தாடை, குட்டையான முகம், எலும்பை உடைக்கிற மாதிரித் தடித்த பற்கள்.

இதை நாய் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். உங்கள் வாசலில் படுத்திருக்கிற நாய்க்கும் இதற்கும் உறவு வெகு தூரம். நரி, ஓநாய், காட்டுநாய் எல்லாம் ஒரு குடும்பம்; அதில் அழிந்துபோன கிளைகள் ஏராளம். ஒரு புது எலும்பு வந்தால், அது ஏற்கெனவே தெரிந்த கிளையா, புதுசா என்று பார்க்க வேண்டும். கீழ்த்தாடையில் இறைச்சியை வெட்டுவதற்கென்றே பெரிய பல் ஒன்று உண்டு. சாதாரண நாய்க்கு அந்தப் பல்லின் பின்பாதியில் இரண்டு முனை இருக்கும். இதற்கு ஒன்றே ஒன்று, கத்தி மாதிரி. அதோடு வேறு சில அடையாளங்களும் சேர்ந்தன. உலகத்தில் எந்த அருங்காட்சியகத்தில் எந்த நாய் எலும்பு இருந்தாலும் படம் வரவழைத்துப் பார்த்தார், சிலவற்றை நேரிலேயே போய்ப் பார்த்தார். எதனோடும் ஒட்டவில்லை. புது இனம் என்று முடிவுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நான் அந்தத் தாடையை எத்தனை பக்கத்திலிருந்து வரைந்தேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கு அலுக்கும், எனக்கு இன்னும் கை வலிக்கும்.

புது இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்து எழுதுகிறவருக்கு. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மட்டும் கேவலம். இடத்தின் பெயரை வைக்கலாம், பேராசிரியரின் பெயரை வைக்கலாம், எடுத்துக் கொடுத்தவரின் பெயரை வைக்கலாம். பெண் பெயராக இருந்தால் கடைசியில் லத்தீன் முறைப்படி ஒரு வால் ஒட்ட வேண்டும். அச்சில் ஏறிவிட்டால் அந்தப் பெயர் அந்த எலும்போடு சேர்ந்து நிற்கும். வைத்தவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. இந்தத் தொழிலில் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை இதுதான்.

பல்லம்மா யாரையும் கேட்கவில்லை. பெரியக்காவின் பெயரை வைத்தார்.

எனக்குத் தெரியவந்தபோது கட்டுரை அச்சாகிவிட்டது. பெயருக்கான காரணத்தை ஒரு வரியில் எழுதியிருந்தார்: என் குழந்தைகளை வளர்த்தவரும், யார் இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருக்காதோ அவருமான என் கணவரின் சகோதரிக்கு. படித்ததும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே அது எதற்கு வைத்த பெயர் என்பது உறைத்தது. "என்னங்க, நாய்க்கா வெச்சீங்க?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பல வருடம் பல்லோடேயே புழங்கியதில், நாய் என்பது மற்றவர்களுக்கு ஒரு வசவு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இப்படியும் ஒரு படிப்பு உண்டா என்று எனக்குக் கோபமே வந்தது.

கட்டுரை யாரும் படிக்காத பத்திரிகையில்தான் வந்தது. அத்தோடு போயிருந்தால் பிழைத்திருக்கலாம். ஒரு செய்தித்தாள் நிருபர் வந்தார், பேசினார், போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைப்பு: 'அழிந்துபோன கோரப்பல் நாய்க்கு நாத்தனார் பெயர்!' கீழே நான் வரைந்த படம், பல்லைக் காட்டிக்கொண்டு. அதற்குக் கீழே பெரியக்காவின் பெயர், வாலோடு. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எங்கள் தெருவுக்கு அவல் கிடைத்தது. இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்த தம்பி பெண்டாட்டி எப்படித் தீர்த்துக்கொண்டாள் பார்த்தாயா என்று மூலைக்கு மூலை பேச்சு. மிருகம் அழிந்துபோனது என்பதுகூடக் குத்தலாகத் தெரிந்ததாம் சிலருக்கு.

அன்று அந்த வீட்டில் நடந்ததைப் பல்லம்மா மறுநாள் என் எதிரே உட்கார்ந்து சொன்னார். அவருடைய கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு, உனக்கு வேறு மிருகமே கிடைக்கவில்லையா, அந்தக் காலத்தில் ஒரு மான்கூடவா சாகவில்லை என்று கேட்டிருக்கிறார். பெரியக்கா கத்தவில்லை. செய்தித்தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னது இது:

"தம்பி வீட்டுல நாய் மாதிரி கெடக்கறேன்னு நான் ஒரு நாளும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ ஊருக்கே சொல்லிட்ட."

இது மரியாதை என்று பல்லம்மா விளக்கினார். பேராசிரியர்களுக்குச் செய்கிற மரியாதை என்றார். எவ்வளவு விளக்கினாரோ அவ்வளவுக்கு அது மோசமாகக் கேட்டது. பெரியக்கா கேட்டது ஒன்றைத்தான், அந்தப் பெயரை எடு. முடியாது என்றார் பல்லம்மா.

"வெச்சவளுக்கு எடுக்கத் தெரியாதா?"

"அச்சுல வந்துட்டா என்னாலயும் எடுக்க முடியாது அண்ணி. யாராலயும் முடியாது."

"அப்ப ஒண்ணு பண்ணு. இனிமே உன் கையால அந்தப் பேரை எழுதாத."

"சரி அண்ணி," என்றார் பல்லம்மா.

அதன்பிறகு அந்த வீட்டில் இரண்டு பெண்களும் பிள்ளைகள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். சாப்பாடு ஆறுகிறதென்று அம்மாவிடம் சொல், சாவி ஆணியில் இருக்கிறதென்று அத்தையிடம் சொல். சொல்லப்படுகிறவர் மூன்றடி தள்ளித்தான் நிற்பார். பையன் மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்ட நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில், வேறு வழியில்லாமல் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். அதிலிருந்து பேச்சு சரியாகிவிட்டது. நாயின் பேச்சு மட்டும் எடுப்பதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் ஊருக்கு ஞாபகமும் குறைவு. ஒரு வருடத்தில் தெரு வேறு அவலுக்குப் போய்விட்டது.

பல்லம்மா சொன்ன சொல் தவறவில்லை. இங்கேதான் நான் சிரித்தேன், அப்போது. அந்த நாயைப் பற்றி அவர் அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். எப்படி ஓடியிருக்கும், எதைத் தின்றிருக்கும், எவ்வளவு எடை இருந்திருக்கும் என்றெல்லாம். எல்லாவற்றிலும் 'குவாரி நாய்' என்றே எழுதினார். முறையான பெயர் எங்கே என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், மாதிரியின் பதிவு எண்ணைக் கொடுத்து ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். அவர் குவாரி நாய் என்று எழுதவே, அவரைப் படித்து எழுதிய மற்றவர்களும் பெரும்பாலும் குவாரி நாய் என்றே எழுதினார்கள். வீட்டில் யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள், பெயரை எழுதினால்தான் என்ன என்று நான் கேட்டேன். "சொல்லிட்டேனே" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

இனி பெரியக்காவின் பக்கம். இது எனக்குத் தெருமுனைத் தையல்கடையில், எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் அந்த மண்டையோட்டைப் பார்க்க வந்திருந்தார். பல்லம்மா அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். பெரியக்கா தட்டு வைக்க வந்தபோது தம்பி தன் அக்காவைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த, அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பெயரைத் திரும்பச் சொல்லி, நீங்கள்தானா அது என்று கேட்டு, இரண்டு கையாலும் பெரியக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தங்கள் ஊரில் மாணவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். பல்லம்மாவுக்கு அப்போது உள்ளுக்குள் உதறல், மறுபடி பூகம்பம் வருமென்று. பேச்சை மாற்றிவிட்டார். பெரியக்காவும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் தையல்கடையில் அளவு கொடுக்கும்போது, பெயர் என்ன எழுதிக்கொள்ள என்று புதிதாக வந்த பையன் கேட்டிருக்கிறான். பெயரைச் சொன்ன பெரியக்கா, "மியூசியத்துல ஒரு மிருகம் இருக்கே, வெளிநாட்டுலகூட அதைப் பத்திப் படிக்கறாங்க, அதே பேர்தான்" என்றாராம். என்ன மிருகம் என்று தையல்காரர் கேட்டதற்கு, "சிங்கத்தோட எலும்பையே கடிச்சுத் தின்னுமாம்" என்று மட்டும் சொன்னாராம். பிறகு பல் டாக்டரிடம், மின்சார அலுவலகத்தில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. கோபப்பட்டவர் இறங்கிவர ஒரு படி வேண்டும். அந்த வீட்டில் யாரும் அவருக்கு அதைப் போட்டுக் கொடுக்கவில்லை.

இப்படியே போயிருக்கும். பிள்ளைகள் பெரியவர்களாகி வெளியூர் போனார்கள். அப்போதுதான் வேறோர் ஊரின் பழைய அருங்காட்சியகத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்களுடையதைவிட நூறு வருடம் மூத்தது. அவர்களிடம் ஓர் இழுப்பறை நிறைய கழுதைப்புலிப் பற்கள் கலந்து கிடந்தன, யாராவது வந்து பிரித்துக் கொடுத்தால் தேவலை என்றார்கள். பல்லம்மா வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளும் ரகம். போனார்.

அந்த இழுப்பறையில் ஒற்றைப் பல் ஒன்று இருந்தது. கீழ்த்தாடையின் வெட்டுப்பல். பின்பாதியில் ஒரே ஒரு முனை. அட்டையில் கழுதைப்புலி என்று ஒரு பெயர் எழுதியிருந்தது. அந்தக் காலத்துப் பேராசிரியர் ஒருவர், அந்த ஒரு பல்லை மட்டும் பார்த்து, அழிந்துபோன கழுதைப்புலி இனம் என்று நினைத்து, தன் நண்பரான ஒரு சர்வேயரின் பெயரை வைத்து அச்சிட்டிருந்தார். அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் சீண்டவில்லை.

கழுதைப்புலியும் நாயும் வேறு வேறு குடும்பம். ஆனால் தொழிலின் சட்டம் அதைப் பார்க்காது. குடும்பத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தாலும், அந்த மிருகத்துக்கு முதலில் வைத்த பெயர் எதுவோ அதுதான் செல்லும். பிறகு வைத்தது செல்லாது. முதல் பெயரோடு வெளிவந்த படத்தையும் பல்லம்மா எனக்குக் காட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் காலத்தில் கல்லில் வரைந்து அச்சடிப்பார்கள். கல்லில் இடமாக வரைந்தால் காகிதத்தில் வலமாக விழும். வரைந்த மகானுபாவன் திருப்பி வரைய மறந்திருக்கிறான். போதாக்குறைக்குப் பின்பாதியில் இல்லாத முனை ஒன்றை அழகுக்குச் சேர்த்திருக்கிறான். உலகமெல்லாம் தேடிய பல்லம்மா இந்தப் படத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறார். படத்தைப் பார்த்தால் யாரும் தாண்டித்தான் போவார்கள். செத்துப்போன ஓர் ஓவியனை நான் அன்று திட்டிய மாதிரி உயிரோடு இருப்பவர் யாரையும் திட்டியதில்லை.

ஆனால் பல்லம்மா அன்று சந்தோஷமாக இருந்தார். எனக்கு அது முதலில் விளங்கவில்லை. தான் கண்டுபிடித்த இனம் தன்னுடையதில்லை என்று ஆகிறது, இவர் சிரிக்கிறாரே என்று பார்த்தேன். "அண்ணி அன்னிக்கு ஒண்ணுதான் கேட்டாங்க. என்னால முடியலை. இப்ப தானா முடியுது" என்றார். வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார்.

பெரியக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாராம். அந்த நாய்க்கு இனிமேல் உங்கள் பெயர் இருக்காது என்று பல்லம்மா சொன்னார், நல்ல செய்தி சொல்கிற குரலில். காரணத்தையும் சொன்னார். பெரியக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தார்.

"யாரு எடுக்கச் சொன்னா?"

"நீங்கதானே அண்ணி."

"அது அப்போ." மடியில் இருந்த துணியை ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "இந்த வீடு தம்பி பேர்ல இருக்கு. கடை அவன் பேர்ல. கரண்ட் பில்லு அவன் பேர்ல வருது. நான் வாழப் போன வீடு அவர் பேர்ல இருந்துச்சு, அவர் போனதும் அவங்க அண்ணன் பேருக்கு மாறிடுச்சு. என் பேர்ல இருந்தது அந்த நாய் ஒண்ணுதான்."

துணியை மறுபடி எடுத்துக்கொண்டே பெரியக்கா கேட்டார்.

"அந்தப் பல்லை நீ மட்டும்தானே பாத்த?"

"ஆமா."

"டிராயரை மூடிட்டு வந்திருக்கலாமே."

மறுநாள் பல்லம்மா அறைக்கு வந்தபோது முகம் பார்க்கச் சகிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் யோசிக்காமல் பெரியக்கா பக்கம் சேர்ந்துகொண்டேன். அந்தச் சர்வேயர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் பேரன் பேத்திக்குக்கூட அந்தக் கழுதைப்புலியைத் தெரியாது. ஒரு பல்லை ஓர் இழுப்பறையில் பேசாமல் விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்கு நீங்க ஒரு முனையைச் சேர்த்து வரைவீங்களா?" என்று கேட்டார். நான் என் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. பழைய பெயரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் எடுத்தாளாமல் இருந்து, புதிய பெயரைப் பல பேர் பல கட்டுரைகளில் வழங்கியிருந்தால், குழப்பம் வேண்டாம் என்று புதியதையே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கும். முதல் பாதி சுலபம். சர்வேயரின் பெயரை எவரும் தொட்டதில்லை. பெரியக்காவின் பெயரை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் காட்ட வேண்டும். பல்லம்மா தேட உட்கார்ந்தார். அந்த மாதம் எங்கள் மேஜையில் எலும்பைவிடக் காகிதம் அதிகம். நானும் தேடினேன். எங்கு பார்த்தாலும் குவாரி நாய், குவாரி நாய், குவாரி நாய். அந்த வெளிநாட்டு மனிதரைப் போல முறையான பெயரை எழுதிய சிலர் இருந்தார்கள். போதவில்லை. பல்லம்மாவின் சொந்தக் கட்டுரைகளில் மட்டும் பெயர் இருந்திருந்தாலே, அதைப் பார்த்து எழுதிய மற்றவற்றோடு சேர்த்து, தாராளமாகத் தேறியிருக்கும். அவருடைய கட்டுரைகளை வரிசையாக அடுக்கிவைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியை நான் சொல்ல விரும்பவில்லை. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மறுபடி பெரியக்காவின் முன்னால் உட்கார்ந்தார். காப்பாற்ற ஒரு வழி இருந்தது, அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது என்றார். எத்தனையோ பேர் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்றார்.

"நீ எழுதியிருப்பியே. வருஷத்துக்கு ஒண்ணு எழுதறியே."

"என் கட்டுரை ஒண்ணுலயும் உங்க பேர் இல்ல அண்ணி. குவாரி நாய்னுதான் போட்டிருக்கேன்."

"ஏன்?"

"எழுதாதேன்னு சொன்னீங்களே."

பெரியக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கோவத்துல சொன்னேன்."

"நீங்க மாத்திச் சொல்லலியே."

"அதுக்காக இத்தனை வருஷமாவா?"

பல்லம்மா தலையாட்டினார். பெரியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அழுது பல்லம்மா பார்த்தது அன்றுதான். "இந்த வீட்டுல என் பேச்சை எவன் மதிக்கறான்னு நெனைச்சிட்டு இருந்தேன்," என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருடைய பழைய கறார்க் குரல் வந்துவிட்டது.

"அந்தப் பல்லைப் பத்தி எழுதலைன்னா உனக்குத் தூக்கம் வருமா?"

"வராது அண்ணி."

"அப்ப இப்பவும் நான் சொல்றதைக் கேளு. எழுதி அனுப்பிடு."

பல்லம்மா எழுதினார். கட்டுரைக்கு அந்த ஒற்றைப் பல்லை நான் வரைந்து கொடுத்தேன், உள்ளது உள்ளபடி. இப்படி ஒரு பெயரை நீக்கும்போது இரண்டு பெயர்களையும் முழுமையாக, முறைப்படி எழுதியாக வேண்டும். பட்டப்பெயர், பதிவு எண் எதுவும் செல்லாது. கையெழுத்துப் பிரதியை எனக்குப் படிக்கக் கொடுத்தார். முதல் பெயர் சர்வேயருடையது, செல்லும் என்று. அதற்கு அடுத்த வரியில் பெரியக்காவின் பெயர், வாலோடு. அன்றைக்கு வாக்குக் கொடுத்ததிலிருந்து பல்லம்மா தன் கையால் அந்தப் பெயரை எழுதியது அந்த ஒரு வரியில்தான். அது செல்லாது என்று சொல்கிற வரி.